எரிந்த காரின் பிளைவீல்

வாடகைக்கு ஹயர் கார் ஓட்டுகிறவனுக்குக் கைவசம் ஒரு பொய் இருக்க வேண்டும். டயரில் காற்று இல்லை என்றால் வந்தவன் குனிந்து பார்த்துவிடுவான். பெட்ரோல் இல்லை என்றால் போத்தலோடு திரும்பி வந்து நிற்பான். கிளச் போய்விட்டது என்றால் மட்டும் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. எஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் நடுவில், ஒருவர் கண்ணிலும் படாமல் கிடக்கிற சாமான் அது. போக விருப்பமில்லாத பாதைக்கு ஆள் வந்தால், மாத்தளை ஸ்டாண்டில் நின்ற நாங்கள் எல்லாரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இதைத்தான் சொல்வோம். நானும் நூறு தடவை சொல்லியிருப்பேன். அதில் ஒரு தடவை சொன்னது மட்டும் தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஜூலையில் நானும் மனைவியும் ரத்தோட்டை வீதியில் குடியிருந்தோம். ஒரு சிங்கள முதலாளியின் பலசரக்குக் கடைக்குப் பின்னால் இரண்டு அறை. நாலு வீடு தள்ளி யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு இருந்தார். அரசாங்கக் கந்தோரான கச்சேரியில் கிளாக் வேலை. தெருவில் எல்லாரும் அவரைச் சேர் என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் இருந்ததும் என்னிடம் இருந்ததும் ஒரே மாதிரிக் கார். பழைய இங்கிலீஷ் கார். அவர் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போக மட்டும் எடுத்துவிட்டு மற்ற நாளெல்லாம் துணி போர்த்தி வைத்திருப்பார். என்னுடையது நாய் படாத பாடு படும். அவருடைய மூத்த மகளுக்கு ஆறு வயதிருக்கும். காலையில் அவளைப் பள்ளிக்கூடத்தில் விடுவது நான்தான். முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, நான் கியர் மாற்றும்போதெல்லாம் ஒண்டு, ரண்டு, மூண்டு என்று சத்தமாக எண்ணுவாள்.

தமிழருக்கு எதிரான கலவரம் எங்கள் ஊருக்கும் வந்த அன்று மத்தியானம் டவுன் பக்கம் புகை எழுந்தது. சேர் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு என் வாசலுக்கு வந்தார். சட்டைப் பொத்தான்கள் மாறிப் போட்டிருந்தன. அவரை அப்படி நான் ஒருநாளும் கண்டதில்லை.

"தம்பி, மனிசியையும் பிள்ளையளையும் உக்குவளை மட்டும் கொண்டுபோய் விடுவீங்களே? அங்க எனக்கு ஒரு சிநேகிதர் இருக்கிறார். என்ர காரை ஊருக்கே தெரியும். சிங்களமும் எனக்குச் சரியா வராது."

"கிளச் போயிடுச்சுங்க சேர்," என்றேன். "காலையிலதான் போச்சு."

பயந்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை. யாழ்ப்பாணத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு அந்த வீதியில் போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. சேர் மகளைத் திருப்பிக்கொண்டு படியிறங்கினார். அந்தக் குழந்தைதான் திரும்பிப் போகும்போது அப்பாவிடம் சொன்னாள்: "பாவம் மாமா. மாமான்ட கார் பழுதாப் போச்சு." கதவுக்குப் பின்னால் நின்ற என் மனைவிக்கு எல்லாம் கேட்டது.

அவர்கள் நாலு பேரும் பின்பக்கத்து மிளகுத் தோட்டத்துக்குள் இறங்கி நடந்தார்கள். அரை மணித்தியாலம் கழித்து முதலாளி ஓடிவந்தார். காரை இங்கே வைக்காதே, காரைக் கண்டால் வீட்டுக்கும் தீ வைப்பார்கள், எங்கேயாவது கொண்டுபோய் ஒளித்துவிடு, உன் மனைவியை என் வீட்டில் பார்த்துக்கொள்கிறேன் என்றார். ஸ்டார்ட் பண்ணினேன், எடுத்துக்கொண்டு பறந்தேன். எங்கே போனேன் தெரியுமா? உக்குவளைக்கு. அங்கேதான் என் கார் பார்க்கிற முஸ்லிம் மெக்கானிக்கின் கராஜ் இருந்தது; அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். பின் சீட் முழுக்கக் காலி. சேர் கேட்ட அதே ஊருக்கு வெறும் காரை ஓட்டிக்கொண்டு போய், சாக்குப் போட்டு மூடி வைத்தேன்.

முதலாளி கடை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றபடியால் எங்கள் வீடு தப்பியது. சேர் வீடும் அந்தத் துணி போர்த்திய காரும் எரிந்தன. அவர்கள் தோட்டங்களுக்குள்ளேயே நடந்து, பொழுது சாயும் நேரம் உக்குவளை போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். பிறகு அகதி முகாம், பிறகு கப்பல், யாழ்ப்பாணம். சில மாதங்களில் சேர் மட்டும் வேலைக்குத் திரும்பி வந்து கச்சேரிக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்தார். வீதியில் அவரைக் கண்டால் நான் காரைச் சந்துக்குள் திருப்பிவிடுவேன். ஒரு வருஷம் அப்படியே ஓடியது.

அந்த வருஷத்தில் மனைவி மாசமானாள். முதல் பிள்ளையை நாங்கள் தேயிலைக் கொழுந்து ஏற்றுகிற லொறியில் பறிகொடுத்தவர்கள். அப்போது அவள் தாய் வீட்டில், ரத்தோட்டைக்கு மேலே ரிவர்ஸ்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் இருந்தாள். வலி வந்து, லொறி கிடைத்து, இறக்கிக்கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இந்த முறையும் அவள் லயத்துக்கே போய்விட்டாள். டவுனிலேயே இரு, ஆஸ்பத்திரி பக்கம் என்று கெஞ்சினேன்.

"மறுபடி ஓட வேண்டி வந்தா இந்த வயித்தத் தூக்கிக்கிட்டு எங்கங்க ஓடுவேன்?" என்றாள்.

கிளினிக் டாக்டர் பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்றார். வெட்டித்தான் எடுக்க வேண்டும், முதல் வலியிலேயே கொண்டுவந்துவிடு, லேட்டானால் இரண்டு உயிருக்கும் உத்தரவாதம் இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார். பிரசவத்துக்கு அவர் சொன்ன நாளுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அவளைப் பார்த்துவிட்டு வர மேலே போனேன். ரத்தோட்டை தாண்டி ஏற்றத்தில் மூன்றாம் வளைவில் எஞ்சின் கத்தியது, கார் நகரவில்லை. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சத்தம்தான் ஏறியது. கருகல் வாடை வந்தது. ஒரு வருஷத்துக்கு முன்னால் சொன்ன வாய் முகூர்த்தம் அன்றைக்குப் பலித்தது.

கார் இல்லாவிட்டால் வேறு கார் என்று ஸ்டாண்டில் போய்க் கேட்டேன். என்னோடு பத்து வருஷம் ஒன்றாக நின்றவன், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "அந்தப் பாதைக்கா மச்சான்? என் கிளச் சரியில்லையே," என்றான். அவன் பல்லைக் கழற்றிக் கையில் கொடுக்கலாம் போல ஆத்திரம் வந்தது. ஆனால் எந்த வாயால் அவனைத் திட்டுவது?

காரைக் கட்டி இழுத்து உக்குவளைக்குக் கொண்டுபோனோம். நானா கியர்ப் பெட்டியை இறக்கினார். கிளச் பிளேட் தேய்ந்து ஆணி தெரிந்தது, அது எதிர்பார்த்ததுதான். அவர் டோர்ச்சை உள்ளே அடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். கிளச் பிளேட் ஒட்டிச் சுற்றுகிற கனத்த இரும்பு வட்டம்தான் பிளைவீல். அதன் முகத்தில் ஆணி உழுத கோடுகள், நீலம் பாய்ந்த திட்டுகள், மயிரிழை மாதிரி வெடிப்புகள்.

"இது ஆகாது தம்பி. ரெண்டு தரம் லேத்துல சீவியாச்சி. இன்னும் சீவினா கடதாசி. இதுல புது பிளேட் போட்டீங்கண்டா ஒரு மாசத்துல அதையும் தின்டுரும்."

பிளேட் கண்டியில் கிடைக்கும், பிளைவீல் கிடைக்காது; கொழும்புக்குச் சொல்லிவிட்டால் ஒரு மாதம் ஆகும். நானே போய்த் தேட அந்த வருஷத்தில் எனக்குத் தைரியம் இல்லை. இரும்புக் கடையில் ஒன்று இருக்கிறது என்று நானா போய் எடுத்துவந்தார். பள்ளத்தில் உருண்டு ஓடையில் கிடந்த ஏதோ தோட்டத்துக் காருடையது. துருவைத் தேய்த்துப் பார்த்தால் முகம் நன்றாகவே இருந்தது. எனக்கு உயிர் வந்தது. நானா அதன் ஓட்டையில் கம்பி கோத்துக் கூரை மரத்தில் தொங்கவிட்டு, சின்னச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். உடைந்த சட்டியைத் தட்டினது போல் 'டொக்' என்றது. நல்ல இரும்பு நின்று பாடும், கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால் இப்படித்தான் அடங்கிப் போகும் என்றார்.

"போட்டா என்ன ஆகும் நானா?"

"ஓடும். ஏத்தத்துல வெடிச்சிச்சிண்டா காலுக்குக் கீழால வரும். பக்கத்துல பொஞ்சாதி இருப்பா."

பிறகு அவர் கையைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், மாத்தளையில் இதே மொடல் இன்னொன்று கிடக்கிறதே என்றார். எரிந்துபோன கிளாக்கர் வீட்டு வளவில். தீ சீட்டில்தான் பிடித்தது, எஞ்சின் பக்கம் அவ்வளவாகப் போகவில்லை, உள்ளே இருப்பது தப்பியிருக்கலாம் என்றார். ராவோடு ராவாகப் போய்க் கழற்றிவிடலாமா என்று நான் கேட்டேன். கேட்டேன்தான், மறைப்பானேன்?

நானாவின் முகம் மாறியது. "சொந்தக்காரர் வாயால சொல்லாம நான் கை வைக்க மாட்டன். அது ஹராம். போய்க் கேளுங்க."

அன்றைக்கே பஸ் ஏறி மேலே போய் மனைவியிடம் சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "அவர்கிட்டயே கேளுங்க," என்றாள். "ஆனா அந்தப் பொய்யக் கையில வச்சுக்கிட்டுக் கேக்காதீங்க. அப்புடிக் கேட்டு வாங்கின சாமான்ல எம் பிள்ளைய ஏத்த மாட்டேன்." ஒரு வருஷமாக அவள் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசியதில்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்த நான்தான் மடையன்.

மறுநாள் கச்சேரிக்குப் போனேன். எப்படித் தொடங்குவது என்று வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். சேர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தார்.

"என்ன, சொல்லுங்கோ."

"கிளச் போயிடுச்சுங்க சேர்," என்றேன். கொண்டுபோன பேச்செல்லாம் எங்கேயோ போய்விட்டது. அதே சொல்தான் வந்தது.

அவர் பேனையை மூடி வைத்தார். "இப்பவோ, அண்டைக்கோ?"

பக்கத்து மேசைக்காரர் எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"இப்பதாங்க சேர். அன்னைக்கு நல்லாத்தான் இருந்துச்சு. பயந்துபோய்ப் பொய் சொல்லிட்டேன்."

"தெரியும்." குரல் உயரவில்லை. "மிளகுத் தோட்டத்துக்குள்ள குந்தியிருக்கேக்க உங்கட கார் போற சத்தம் கேட்டது. ரண்டில இருந்து மூண்டுக்கு மாத்தினீங்கள். கிளச் போன கார் அப்பிடி மாறாது. பின் சீற்றில ஆர் இருந்தது?"

"யாரும் இல்லைங்க."

அவர் தலையை ஆட்டினார். திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும். மனைவி நிலைமையையும், பிள்ளை குறுக்கே கிடப்பதையும், நானா தட்டிப் பார்த்ததையும் சொல்லி முடித்தேன். அவர் ஒரு ஃபைலைத் திறந்து ஒரு பக்கம் முழுக்கப் படித்துக் கையெழுத்துப் போட்டார். அடுத்ததையும் திறந்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். போகச் சொல்கிறாரா, நிற்கச் சொல்கிறாரா என்று விளங்கவில்லை.

"நாலு மணிக்கு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வளவுக்கு வாங்கோ," என்றார். "நான் இன்னும் அங்க போகேல்ல. ஒருக்கா போகத்தான் வேணும்."

வளவில் புல் இடுப்பு உயரம் நின்றது. காரின் சீட் இருந்த இடத்தில் கம்பிச் சுருள்கள்தான் இருந்தன. அதற்குள் ஏதோ கொடி படர்ந்திருந்தது. சேர் வீட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. மாமரத்தடியில் நின்று நாங்கள் கழற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நட்டெல்லாம் துருவோடு இறுகிப்போய் நகர மறுத்தது. நானாவும் நானும் மாறி மாறி அடியில் படுத்து, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போராடி அதை வெளியே எடுத்தோம். எடுக்கும்போது ஒரு கை சாம்பலும் கூடவே கொட்டியது.

முகத்தைத் துடைத்தபோது வெடிப்பு தெரியவில்லை. தேய்மானமும் இல்லை. நானா அவசரப்படவில்லை. இரும்பு ஸ்கேலைக் குறுக்கே வைத்துக் கீழே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தார். சூட்டில் கோணியிருந்தால் தெரிந்துவிடும். சுற்றியிருக்கும் பல்லை எண்ணி, என் காரின் பல்லோடு ஒத்துப் பார்த்தார். பல் வளையம் சூட்டில் கழன்றிருக்கிறதா என்று உளியால் தட்டினார். பிறகு மாமரக் கிளையில் கம்பி கட்டித் தொங்கவிட்டுச் சுத்தியலை என்னிடம் நீட்டினார்.

என்னால் கையைத் தூக்க முடியவில்லை. இதுவும் 'டொக்' என்றால் அடுத்து எங்கே போவேன்? சேர் வந்து என் கையிலிருந்து சுத்தியலை வாங்கினார். ஒரு தட்டுத் தட்டினார்.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தொங்குகிற தண்டவாளத் துண்டு போல அது கணீரென்று அடித்து, நின்று, மெல்ல அடங்கியது. நானா "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். சேர் யாரும் கேட்காமலே இன்னொரு தரம் தட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது. "கொண்டுபோங்கோ," என்றார். "நான் கிளச்சில காலை வைச்சுக்கொண்டு ஓடுறேல்ல. தேய்ஞ்சிருக்காது."

பிளேட்டுக்குக் கண்டி போனேன். கடைக்காரன் இரண்டு எடுத்துப் போட்டான். ஒன்று பளபளவென்று புதுசு. மற்றது பெட்டி கிழிந்த பழைய ஸ்டொக். நானா சொல்லியனுப்பியபடி என் பழைய பிளேட்டைப் பக்கத்தில் வைத்து நடு ஓட்டையின் பல்லை நகத்தால் எண்ணினேன். புதுசில் எண்ணிக்கை பிசகியது. பழையதையே எடுத்துக்கொண்டு வந்தேன். நானா பிளைவீல் முகத்தில் லேத்தை ஒரு தரம் மட்டும் மெல்ல ஓடவிட்டு எல்லாவற்றையும் பூட்டிக் கொடுத்தார். ஒரு வாரம் டவுனுக்குள்ளேயே மெதுவாக ஓட்டு, முகங்கள் ஒன்றுக்கொன்று பழகட்டும், ஏற்றம் வேண்டாம் என்றார்.

மூன்றாம் நாள் காலையில் முதலாளி கடை டெலிபோன் அடித்தது. தோட்டத்து ஒபிசிலிருந்து பேசினார்கள். வலி வந்துவிட்டது.

பழகாத கிளச்சோடு ஏறினேன். ரத்தோட்டை தாண்டியதும் மூடுபனி. மூன்றாம் வளைவில் மேலேயிருந்து பஸ் ஒன்று இறங்கி வந்து முகத்துக்கு நேரே நின்றது. நான் நிறுத்தியே ஆக வேண்டியிருந்தது. நட்ட நடு ஏற்றம், போன முறை நின்ற அதே இடம். பஸ் ஒதுங்கியதும் கியரைப் போட்டு ஹேண்ட் பிரேக்கை விட்டுக் கிளச்சிலிருந்து காலை எடுக்கத் தொடங்கினேன். கார் ஒரு சாண் பின்னால் சரிந்தது. முருகா என்று வாய்விட்டே கத்தினேன். அப்போது அது பிடித்தது. உதறல் இல்லை, வாடை இல்லை. கார் ஏறியது. மேலே போய்ச் சேரும்வரை நான் அழுதுகொண்டுதான் ஓட்டினேன்.

அவளையும் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு இறங்கினேன். வளைவுக்கு வளைவு என் தோளைப் பிடித்து நகத்தால் கிள்ளிக்கொண்டே வந்தாள். "சொன்னீங்களா அவர்கிட்ட?" என்று ஒரு தரம் கேட்டாள். சொல்லிவிட்டேன் என்றேன். ஆஸ்பத்திரியில் நேரே உள்ளே கொண்டுபோனார்கள். மத்தியானச் சாப்பாட்டு மணி அடிக்கிற நேரம் நர்ஸ் வெளியே வந்து, பெண் பிள்ளை, இரண்டு பேரும் சுகம் என்று சொன்னாள். இன்னும் ஒரு மணித்தியாலம் போயிருந்தால் என்று டாக்டர் ஏதோ சொல்லத் தொடங்கினார். எனக்கு அதைக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்துச் சேருக்கு யாழ்ப்பாணத்துக்கு இடமாற்றம் கிடைத்தது. ஒரு பெட்டியோடு ஸ்டாண்டுக்கு வந்தார். வரிசையில் முன்னால் நின்ற கார்களைத் தாண்டி என்னிடம் வந்து கதவைத் திறந்தார்.

"உக்குவளை மட்டும் போவமே?" என்றார்.

அன்றைக்கு அவர்களுக்கு இடம் கொடுத்த சிநேகிதரிடம் சொல்லிக்கொண்டு, அங்கேயிருந்தே ரயில் ஏறப் போகிறாராம். பின் சீட்டில் பெட்டியை வைத்துவிட்டு முன்னால், மகள் உட்காருகிற இடத்தில், உட்கார்ந்தார். வழியில் என் பிள்ளையைப் பற்றி விசாரித்தார். நான் கியர் மாற்றும்போதெல்லாம் அவர் பேச்சை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தோன்றியது.

சிநேகிதர் வீட்டு வாசலில் நிறுத்தினேன். அவர் உடனே இறங்கவில்லை.

"மகள் கடிதம் எழுதேக்கயெல்லாம் ஒண்டு கேப்பாள்," என்றார். "மாமான்ட கார் திருத்தியாச்சோ எண்டு. அவள் இன்னும் நம்பிக்கொண்டுதான் இருக்கிறாள். நானும் ஒண்டும் சொல்லேல்ல."

நான் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"திருத்தியாச்சு எண்டு நேற்று எழுதிப் போட்டன்," என்று சொல்லிவிட்டு, பின் கதவைத் திறந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.